வந்த வாசல்

கம்போடியாவின் பழைய கெமர் கோயில்களைச் சுற்றிப் பார்க்கத் தனிக் காரும் வழிகாட்டியும் பிடித்திருந்தார் மலேசியாவின் ஜாசின் ஊர்க்காரர் சேகரன். மனைவி மலர்க்கொடிக்கோ எந்தச் சிற்பத்திலும் மனசு ஒட்டவில்லை.

"வந்த வாசலுக்கே போலாம்ங்க."

"கார் அந்தப் பக்கம் நிக்குது லா. வந்த வாசல்ல என்ன வச்சிருக்க?"

"என் புதுச் செருப்பு."

அதுவரை அண்ணாந்தே நடந்த சேகரன் குனிந்து பார்த்தார். வெறுங்கால்.

"ஐயோ, இங்க யாரும் கழட்டறதில்ல. மானத்த வாங்கறியே!"

திரும்பி ஓடினார்கள். அவள் செருப்பைப் பார்த்து, இதுதான் இங்கே வழக்கம் போலிருக்கிறது என்று வெள்ளைக்காரர்கள் கழற்றிவிட்ட சப்பாத்துகள் வாசலில் நாற்பது ஜோடி இருந்தன. அவள் செருப்பை மட்டும் காணோம்.

மலர்க்கொடி பூரித்துப்போனாள்.

"அப்படியே நம்ம ஊர்க் கோயில்தாங்க!"