இந்த வருஷமும் கடைசி

டிவி ஃபுட்பாலில் தங்கள் டீமுக்கு டச் டவுன் புள்ளி விழுந்தால் இமோஜீன் வாணலியைக் கரண்டியால் தட்டுவாள். டங், டங், டங் என்று தெருமுனை வரை கேட்கும். அவள் கண்ணை மூடி ஒன்பது வருஷம். கணவன் ஹோலிஸின் காதுக்குள் அந்தச் சத்தம் இன்னும் இருக்கிறது, வீட்டில்தான் இல்லை.

"கையும் களவுமா மாட்டினியா!"

ஹோலிஸ் திடுக்கிட்டு நிமிர்ந்தான். ராய்ஸின் முடிவெட்டும் கடையில், பின்கதவை அடைத்துக்கொண்டு நெல்டா நின்றிருந்தாள். போன வசந்தத்தில் புருஷனை அடக்கம் செய்தவள். அதிலிருந்து அவள் குரல் இரண்டு மடங்கு கூடிவிட்டது.

ஹோலிஸின் மடியில் அவனுடைய கணிப்புத் தாள். கையில் பென்சில். சட்டையெல்லாம் ரப்பர் தூள்.

அலபாமாவின் அந்தச் சிற்றூரில் அது பழைய வழக்கம். டிசம்பரில் கல்லூரி ஃபுட்பாலின் பௌல் எனும் சீசன் கடைசி ஆட்டங்கள் தொடங்குமுன், எந்த ஆட்டத்தில் எந்த டீம் ஜெயிக்கும் என்று ஆளுக்கொரு தாளில் எழுதி, ராய்ஸின் பிஸ்கட் டின்னில் போட்டுவிட வேண்டும். அரையிறுதி முடிந்த மறுநாள் நண்பகலில் டின் திறக்கப்படும். அன்றுதான் அந்த நாள்; நண்பகல் இன்னும் ஆகவில்லை.

முதலில் வந்தவருக்கு வருஷம் முழுக்க ஜம்பம். கடைசியில் வந்தவருக்குத் தண்டனை. தேசிய இறுதி ஆட்டத்தன்று அத்தனை பேரையும் வீட்டுக்கு அழைத்து, பன்றி விலா சுட்டுப் போட்டு, டிவி முன்னால் உட்கார வைக்க வேண்டும்.

ஒன்பது வருஷமாகக் கடைசி ஹோலிஸ்தான்.

"சமைச்சு அலுத்துப்போய்த் திருட ஆரம்பிச்சுட்டியா?" நெல்டா தெருப்பக்கம் திரும்பிக் கத்தினாள். "ராய்ஸ்! சர்ச்சுல காணிக்கைத் தட்டு ஏந்துற மனுஷன் பண்ற வேலையை வந்து பாரு!"

"நெல்டா, கத்தாதே. நல்லா இருப்பே தாயே."

எதிர்க் கடைக்குக் காபி வாங்கப் போயிருந்த ராய்ஸ், கோப்பையோடு ஓடி வந்தான். பின்னாலேயே டிராக்டர் பழுதுபார்க்கிற டூயி.

"விடுங்கப்பா," என்றான் டூயி. "இவன் ஒரு டீம் பேரைச் சொன்னா அந்த டீமே பயப்படுது. பத்தாவது வருஷமாவது மானத்தோட பிழைக்கலாம்னு பார்த்திருப்பான்."

ராய்ஸ் தாளைப் பிடுங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். அழித்த எழுத்துகளின் தடம் தெரிந்தது. பார்த்தான். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தான்.

"டேய்... அழிச்சதெல்லாம் சரியான பதில்டா. மேல எழுதியிருக்கிறதுதான் தப்பு."

"என்னது?"

"அந்தக் கொக்குச் சின்னம் போட்ட டீம் ஜெயிக்கும்னு எழுதியிருக்கான். ஜெயிச்சுது. அதை அழிச்சிருக்கான். அதுக்குக் கீழேயும் அப்படித்தான். தொடாம விட்டிருந்தா இந்த வருஷம் இவன்தான் முதல் ஆளு!"

மூன்று பேரும் ஹோலிஸைப் பார்த்தார்கள்.

"நான் என்ன செய்ய?" அவனுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. "வருஷா வருஷம் தோக்கிற டீமாப் பொறுக்கிப் பொறுக்கித்தான் எழுதுறேன். இந்த வருஷம் பெரிய டீம் பசங்கள்ல பாதிப் பேரு, அடுத்து சம்பளத்துக்கு ஆடப்போறோம், கைகால் பத்திரம்னு ஆடாமலே உட்கார்ந்துட்டானுங்க. நோஞ்சான் டீமெல்லாம் ஜெயிச்சுத் தொலைச்சிருச்சு. அதான் ரப்பரை எடுத்தேன்."

"தோக்கிறதுக்கு எவனாவது மெனக்கெடுவானாடா?" என்றான் டூயி.

ஹோலிஸ் சட்டையிலிருந்த தூளைத் தட்டிவிட்டான்.

"முதல்ல வந்தா கையைக் குலுக்கிட்டுப் போயிடுவீங்க. கடைசியில வந்தாத்தானே எல்லாரும் வீட்டுக்கு வர்றீங்க."

டூயி தொப்பியைக் கழற்றினான். ஏன் கழற்றினோம் என்று தெரியாமல் மறுபடி போட்டுக்கொண்டான்.

ராய்ஸ் தொண்டையைச் செருமினான். "இருந்தாலும் தாளைத் தொட்டது தப்பு. நல்லவேளை, நெல்டா பார்த்தா." சட்டென்று அவள் பக்கம் திரும்பினான். "ஆமா, ஆளில்லாத கடைக்குப் பின்கதவு வழியா நீ எதுக்கு வந்தே?"

"உனக்கு வாழைப்பழ புட்டிங் குடுக்க வந்தேன்."

"புட்டிங் எங்கே?"

நெல்டா தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். இடது கை வெறுமையாக இருந்தது. வலது கை இறுக மூடியிருந்தது.

"கையைத் திற, நெல்டா."

"மாட்டேன்."

"திறம்மா."

திறந்தாள். உள்ளங்கையில் ஒரு புது ரப்பர். விலைச்சீட்டுகூடக் கிழிக்கவில்லை.

கடையில் முதலில் சிரித்தது ஹோலிஸ்தான்.

"என்னய்யா சிரிப்பு?" நெல்டாவின் குரல் முதல்முறையாகத் தாழ்ந்தது. "உனக்கு ஒன்பது வருஷம் கிடைச்சுது. எனக்கு ஒரு வருஷம் விட்டுக்குடுத்தா என்ன?"

ராய்ஸ் அன்று டின்னிலிருந்த மற்றத் தாள்களைப் பார்க்கவே இல்லை. இரண்டு பேரும் கடைசி என்று தீர்ப்புச் சொல்லிவிட்டான். இடம் ஹோலிஸ் வீடு. விலா அவன் பொறுப்பு, புட்டிங் அவள் பொறுப்பு.

இறுதி ஆட்டத்தன்று வீடு கொள்ளாத கூட்டம். "யாருய்யா ஜெயிப்பா?" என்று டூயி கேட்டான். பத்து வருஷத்தில் முதல்முறையாக ஹோலிஸ் மனத்தில் பட்டதைச் சொன்னான். டூயி உஷாராக எதிர் டீமின் பக்கம் சாய்ந்து, தோற்றுப்போனான்.

முதல் டச் டவுன் விழுந்ததும் சமையலறையில் யாரோ வாணலியைத் தட்டினார்கள். டங், டங், டங். ஹோலிஸ் டிவியை விட்டுவிட்டு அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டான்.

மார்ச் மாதம் நெல்டா தன் வீட்டை விற்றுவிட்டு, ஹோலிஸ் வீட்டுக்கே வந்துவிட்டாள்.