ஐந்தாம் நாள் நாடகம்

போனை எடுத்ததுமே சேவுகன் பிடித்துக்கொண்டார்.

"என்னம்மா சாப்ட்வேர் வித்தீங்க? ரெண்டு நாளா எங்க வெப்சைட்ல சீசன் டிக்கெட்டையே காணோம். ஓயாம போன் போட்டுக் கேக்குறாங்க."

திருச்சியில் டிக்கெட் சாப்ட்வேர் கம்பெனி ஒன்றில் சப்போர்ட் வேலை இளமதிக்கு. ஊர் ஆலங்குடி. திட்டு வாங்கத்தான் சம்பளம் என்று வீட்டில் சொல்லிச் சிரிப்பாள். ஆனாலும் புதுக்கோட்டை நாடக சபா செயலாளர் சேவுகன் திட்டுவது தனி ரகம். பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். நாற்காலி போயும் அதட்டல் போகவில்லை.

ஐந்து நாள் விழா, ஐந்து நாடகத்துக்கும் சேர்த்து ஒரே சீசன் டிக்கெட். இந்த வாரத்துக்குள் அது விற்காவிட்டால் விழாவே வேண்டாம் என்று கமிட்டி சொல்லிவிட்டதாம். சாயங்காலத்துக்குள் சரியாகவில்லை என்றால் வேறு கம்பெனிக்குப் போய்விடுவாராம். செய்யக்கூடிய ஆள்தான். போனால் பழி இளமதி தலையில்தான் விழும்.

அவரை லைனில் வைத்துக்கொண்டே ஒவ்வொன்றாகப் பார்த்தாள். விற்பனைத் தேதி சரி. விலை சரி. ஆன்லைனில் காட்டச் சொல்லும் இடத்தில் டிக்கும் இருந்தது. முதல் நாலு நாடகத்துக்கும் சீட் தாராளமாகக் கிடந்தது.

ஐந்தாம் நாளில்தான் சங்கதி இருந்தது. ஒரு சீட்கூட பாக்கியில்லை. ஐந்தில் ஒன்று நிறைந்துவிட்டாலும் இந்த சாப்ட்வேர் சீசன் டிக்கெட்டையே மறைத்துவிடும்.

வேடிக்கை என்னவென்றால், அந்த சீட்டுகளை யாரும் வாங்கியிருக்கவில்லை. சபா ஆபீஸிலிருந்தே மொத்தமாக பிளாக் செய்திருந்தார்கள்.

இளமதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊர்ப் பெரிய மனுஷர்களுக்கெல்லாம் ஓசியில் எடுத்து வைத்துவிட்டு, நம்மைப் பிடித்துக் குதறுகிறாரே.

"கடைசி நாள் ஹால் முழுக்க நீங்களே பிளாக் பண்ணி வச்சிருக்கீங்க சார். அதான் சீசன் டிக்கெட் வரல. எல்லாம் வி.ஐ.பி.ங்களுக்கா?"

குத்தலாகத்தான் கேட்டாள். அந்தப் பக்கம் அதட்டல் அடங்கிப்போனது.

"யாருக்கும் இல்லம்மா" என்றார் மெதுவாக. "அது நான் எழுதுன நாடகம். மொத நாடகம். காலி நாற்காலிக்குத்தான் போட்டுக் காட்டப்போறேன்னு கமிட்டியில ஒரே கேலி. ஹவுஸ்ஃபுல்னு காட்டுனா வாய மூடுவாங்கன்னு நாந்தான் பிளாக் பண்ணேன்."

இளமதிக்குச் சிரிப்பு முட்டியது. கூடவே பாவமாகவும் இருந்தது. அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு சீட்டுகளை விடுவித்தாள். அடுத்த நிமிஷமே சீசன் டிக்கெட் வெப்சைட்டில் வந்து நின்றது.

"சரியாயிருச்சு சார். ஒங்க நாடகத்துக்கும் ஆளு வருவாங்க, பாருங்க."



"வாரோம்னுதாம்மா சொன்னாங்க. நேத்து விராலிமலையிலேர்ந்து போன் பண்ணி, என் நாடகத்துக்குன்னே ஒரு வேன் நெறைய வாரோம், எடம் இருக்கான்னு கேட்டாங்க. பக்கத்துல கமிட்டிக்காரங்க உக்காந்திருந்தாங்க. அவங்களுக்குக் கேக்கட்டும்னு சத்தமாச் சொன்னேன், ஒரு சீட்டுகூட இல்லைன்னு."