மெழுகுப் பிள்ளை

எதிர்வீட்டு ஜன்னல் வழியாக அந்தப் பலகையைப் பார்த்ததிலிருந்து ஆவுடைத்தாய்க்குச் சோறு இறங்கவில்லை.

பலகையில் ஒரு பெண்ணின் வயிறு. தோலை விலக்கித் திறந்து வைத்தது போல் வரைந்திருந்தது. உள்ளே ஒரு பிள்ளை குறுக்கே கிடந்தது.

ஆவுடைத்தாய்க்கு அப்போது எட்டாம் மாதம்.

எதிர்வீட்டு ஏசுதாசன் அந்தச் சித்திரையில்தான் இலஞ்சிக்குக் குடிவந்தவர். மெட்ராஸில் ஒரு மருத்துவக் கல்லூரியில், படிக்கிற பையன்களுக்காக எலும்பும் நரம்பும் வரைந்து கொடுத்தவராம். ஓய்வு பெற்றதும், குற்றாலத்துக் காற்று உடம்புக்கு நல்லதென்று வந்துவிட்டார். தனிக்கட்டை.

வந்தவர் சும்மா இருக்கவில்லை. மலைத்தேன் எடுப்பவர்களிடம் தேன்மெழுகு வாங்குவார். குங்கிலியம் சேர்த்துக் கரியடுப்பில் உருக்கி, சாயப்பொடி கலந்து, சூடு ஆறுமுன் பலகையில் பூசுவார். காய்ச்சிய இரும்புக் கரண்டியால் இழைத்து இழைத்து ஈரல், இருதயம், கை நரம்பு என்று புடைப்பாக எழுப்புவார். தெரு முழுக்கக் குங்கிலிய வாசம் அடிக்கும். பூசை இல்லாத வீட்டில் என்ன குங்கிலியம் என்று ஊர் கேட்டது.

எலும்பு வரைந்த வரைக்கும் ஆவுடைத்தாய் பொறுத்துக்கொண்டாள். இந்த வயிறுதான் அவளை உலுக்கிவிட்டது.

மறுநாளும் பார்த்தாள். குறுக்கே கிடந்த பிள்ளை இப்போது சாய்ந்து கிடந்தது. அதற்கு மறுநாள் பழையபடி குறுக்கே. வரைந்த பிள்ளை எப்படி நகரும்? அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் வயிற்றுக்குள்ளும் ஏதோ புரண்டது. கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

பக்கத்து வீட்டு வள்ளித்தாய் தன் பங்குக்குப் பயத்தைக் கூட்டினாள்.

"மெழுகுல உரு எழுதி உருக்குனா, வயித்துல இருக்கதும் உருகிரும்ட்டி."

ஆவுடைத்தாயின் முந்தின இரண்டு பிள்ளைகளும் அழாமலேயே பிறந்தவை. இரண்டுக்கும் பேறு பார்த்தவள் மருத்துவச்சி ஹைருன் பீவி. இந்தத் தடவையும் அவள்தான். போன வாரம் வந்து வயிற்றை மறுபடி மறுபடி தடவிப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, முகத்தைப் பார்க்காமலே போய்விட்டாள்.

புருஷன் சங்கிலிப்பாண்டி தென்காசியில் போலீஸ் ஏட்டு. மனைவி படுகிற பாட்டைப் பார்த்து, நேரே எதிர்வீட்டுக்குப் போய்க் கேட்டான். திரும்பி வரும்போது அவன் முகமும் சரியில்லை.

"யாரோ கேட்டுத்தான் வரையுதாராம். ஆளு யாருன்னு சொல்ல மாட்டாராம். வாக்குக் குடுத்திருக்காராம்."

யார் கேட்டிருப்பார்கள்? வயல் வழக்கில் தோற்ற பெரியப்பா வீட்டார் மேல் அவனுக்குச் சந்தேகம். ஆனால் படம் வரைந்ததற்கு எந்தச் சட்டத்தில் ஒருவரைப் பிடித்துப் போடுவது?

ஆவுடைத்தாய் வேறொரு வழி யோசித்தாள். அந்தப் பலகையை எடுத்துக்கொண்டுபோய் இலஞ்சிக் குமாரர் சன்னதியில் வைத்துவிட்டால், எந்த ஏவலும் பலிக்காது.

சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், ஏசுதாசன் குடையோடு வெளியே போனார். கதவு வெறுமனே சாத்தியிருந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தாள்.

அடுப்பில் கங்கு கனிந்துகொண்டிருந்தது. பலகையைத் தூக்கப் போனவள், கை படாமல் நின்றாள். கிட்டத்தில் பார்த்தால் அந்த வயிறு மூச்சு விடுவது போலிருந்தது. பிள்ளையின் முதுகில் விரல் பதிந்த தடங்கள். யாரோ அதை அழுத்தி அழுத்தி நகர்த்தியிருக்கிறார்கள்.

வாசலில் பேச்சுக் குரல் கேட்டது. வெளியே போக வழியில்லை. உள்ளறைக் கதவுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு, இடுக்கு வழியாகப் பார்த்தாள்.

ஏசுதாசனோடு உள்ளே வந்தவள் ஹைருன் பீவி.

பெரியப்பா வீட்டார் இல்லை. இவள்தானா? ரெண்டு பிள்ளையையும் கையில் வாங்கியவளா?

ஏசுதாசன் கரண்டியைக் காய்ச்சி மெழுகின்மேல் லேசாகக் காட்டினார். மெழுகு இளகிப் பளபளத்தது. பீவி கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தாள். இரண்டு கைகளையும் அந்த வயிற்றின்மேல் வைத்து அழுத்தினாள்.

கதவுக்குப் பின்னால் ஆவுடைத்தாய் தன் வயிற்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

பீவியின் ஒரு கை தலைப்பக்கம், மறு கை கால்பக்கம். தள்ளினாள், நிறுத்தினாள், மறுபடி தள்ளினாள். மெழுகுக்குள் பிள்ளை மெதுவாகத் திரும்பி, தலை கீழே வந்து நின்றது.

ஏசுதாசன் குனிந்து பார்த்தார். கல்லூரியில் டாக்டர்கள் திருப்புவதைப் பக்கத்தில் நின்று பார்த்து வரைந்தவர் அவர். இதே பதம்தான், இதற்கு மேல் ஒரு பொட்டுகூட அழுத்தக்கூடாது, திரும்பாவிட்டால் அடம்பிடிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட வேண்டும் என்றார்.

பீவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"முந்தி ரெண்டும் இப்படிக் கிடந்துதான் போச்சு அண்ணாச்சி. திருப்ப எனக்குக் கை தெரியல. இப்ப படிஞ்சிருச்சு, நாளைக்கு அவ வயித்துல கைய வைக்கேன்."

எழுந்தவள் வாசல் வரை போய்த் திரும்பி, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"ஆவுடைத்தாய்க்கு மட்டும் தெரிய வேண்டாம். பிள்ள குறுக்கக் கிடக்குன்னு தெரிஞ்சா, பாவம், பயந்து போயிருவா."