ஆணி அடிக்கக் கூடாது

சுவரில் ஆணி அடித்தால் வீட்டைக் காலி பண்ண வேண்டியதுதான் என்று சாவி கொடுக்கும்போதே ஏஜென்ட் கறாராகச் சொல்லியிருந்தான். வீட்டைப் பார்வையிட வந்தவன், படுக்கையறைச் சுவரில் ஆணியைக் கண்டதும் தாம்தூம் என்று குதித்தான்.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, காதுல ஏறலையா உங்களுக்கு?"

"கண்ணைத் திறந்து பாருய்யா," என்றாள் குடியிருப்பவள். "இந்தப் பக்கம் நீட்டிட்டிருக்கிறது கூர்முனை. கொண்டை அந்தப் பக்கம் இருக்கு. இதை நானா அடிச்சேன்?"

"அந்தப் பக்கம் ஏதும்மா வீடு? மூணாவது மாடி இது. வெறும் ஆகாசம்!"

"அதைத்தானே நானும் கேக்கறேன்."

ஜன்னல் வழியே தலையை நீட்டிப் பார்த்தான். வெளிச்சுவர் வழவழவென்று இருந்தது. ஆணியும் இல்லை, ஓட்டையும் இல்லை.

"நாளைக்கே காலி பண்ணிடுங்க," என்று சொல்லிக்கொண்டே திரும்பினான்.

ஆணியின் முனை மெல்ல மேலே எழும்பியது, அந்தப் பக்கம் யாரோ கனமான எதையோ மாட்டியதுபோல.