பாலத்தில் நின்றவர்கள்

ஓவியத்தை மூடியிருந்த திரை விழுந்ததும் சபைக் கூடமே அண்ணாந்து பார்த்தது.

சுவர் நிறைய ஓவியம். ஊர்ப் பாலம், புகைமூட்டம், எதிரே இங்கிலாந்து மன்னரின் சிவப்புக் கோட்டுச் சிப்பாய்கள். மாடியில், ஏழைகளுக்கு ஒதுக்கிய பலகையில் உட்கார்ந்திருந்த மெஹிடபிளுக்கு உடம்பு சிலிர்த்தது. மசாசூசெட்ஸின் அந்தச் சின்ன ஊர் இப்படியோர் அழகைக் கண்டதில்லை.

ஆனால் அவள் அழகு பார்க்க வரவில்லை. கணவன் அசாஹேலின் முகத்தைத் தேடி வந்திருந்தாள்.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு, அமெரிக்கா தனி நாடாகும் போர் தொடங்கிய அந்தக் காலையில், செருப்புத் தைக்கும் குத்தூசியைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் பாலத்துக்கு ஓடியவன் அவன். இந்த வசந்தத்தில் காய்ச்சல் அவனைக் கொண்டுபோய்விட்டது. செருப்புத் தைப்பவனை யார் படம் எழுதி வைப்பார்கள்? அவன் முகம் மிஞ்சினால் இந்தச் சுவரில்தான் மிஞ்ச வேண்டும்.

ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எல்லாம் பெரிய வீட்டு முகங்கள். நடுநாயகமாக, துப்பாக்கியை உயர்த்திப் பிடித்தபடி, ஊர்ப் பணக்காரர் லெவரெட்.

பக்கத்து வீட்டு ஹல்டாவுக்குப் பொறுக்கவில்லை. “இந்த மனுஷனா? சண்டை அன்னிக்கு வெள்ளிப் பாத்திரத்தையெல்லாம் வண்டியில ஏத்திக்கிட்டு மாமியார் வீட்டுக்கு ஓடுனவராச்சே! எந்திரிடி, போலாம்.”

மெஹிடபிள் நகரவில்லை. துப்பாக்கியைப் பிடித்த கை மாடியின் உயரத்துக்கு, அவள் கண்ணுக்கு நேராக இருந்தது.

கீழே பாதிரியார் உருகினார். “அந்தக் கையைப் பாருங்கள்! இந்தத் தேசத்தையே தூக்கிப் பிடித்த கை!”

முன்வரிசையில் லெவரெட், வாதத்தில் வீங்கிய தன் கையை மெல்லக் கோட்டுக்குள் நுழைத்துக்கொண்டார்.

மெஹிடபிள் திரும்பினாள். ஓவியன் மாடிப்படியில் நின்றிருந்தான். அவனுக்கும் கீழே இடம் கிடைக்கவில்லை போலும். காலில் அதே பழைய, வாய் பிளந்த பூட்ஸ்.

போன குளிர்காலம் முழுக்க, இவனுக்கு பூட்ஸ் தைக்கிறேன் என்று சொல்லித்தானே அசாஹேல் போய்வந்தான்! தோள் மரத்துப்போய்த் திரும்புவான். அப்படி என்ன பொல்லாத பூட்ஸ் என்று அவள் திட்டினால், வெட்கப்பட்டுச் சிரிப்பான்.

கூடம் முழுவதும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு எழுந்து நின்றது. லெவரெட்டும் எழுந்தார்.

முதலில் கைதட்டியது மெஹிடபிள்தான்.

“உனக்கென்ன பைத்தியமா?” என்றாள் ஹல்டா.

மெஹிடபிளின் முகமெல்லாம் கண்ணீர். கைதட்டலை மட்டும் நிறுத்தவில்லை.

“அந்தக் கட்டைவிரலைப் பாருடி. சுத்தியல் பட்டு ஒடிஞ்சப்போ, கோணலாக் கட்டுப் போட்டவ நான்தான்.”