நிற்காத தகடு

வண்டித் தகட்டில் ஒடுக்கு எடுக்கும் மாலை டிங்கரிங் வகுப்பில் சேர்ந்த நாற்பதாவது நாள், எனக்கென்று வந்த முதல் வேலை ஒரு பைக்கின் பெட்ரோல் டாங்க். கொண்டுவந்த பாண்டியம்மாள் அக்கா, "எம் புள்ள இந்த டாங்க் மேல உக்காந்துதான் போவா தம்பி. வண்டி விழுந்தப்ப பட்ட ஒடுக்கு. அதுல அவ போயி ஏழு மாசமாச்சு. எங்க வீட்டுக்காரரு வேலைக்கும் போகாம இந்தக் குழியத் தடவிக்கிட்டே உக்காந்திருக்காரு. இது போயிட்டா எந்திரிச்சிருவாரு" என்றார்.

டாங்கை மூன்று முறை சோப்புத் தண்ணீரால் கழுவினேன். வாய் வழியாக வளைந்த கம்பியை விட்டு உள்ளிருந்து தட்டித் தட்டித் தள்ளினேன். போதும் என்று தோன்றிய பிறகும், சந்தேகத்தில் இருபது தட்டு கூடுதலாகத் தட்டினேன். கண்ணை மூடித் தடவிப் பார்த்தேன். ஒடுக்கு இல்லை.

மறுநாள் கணவர் இருளப்பனும் வந்தார். அவர் விரல்கள் வழக்கமான இடத்தில் தேடின. கிடைக்கவில்லை. பெருவிரலால் அழுத்தினார். டொக்கென்று தகடு உள்ளே போய் அதே குழி விழுந்தது. விரலை எடுத்தார், வெளியே வந்தது. மறுபடி அழுத்தினார்.

"இங்கனதான் இருக்கா" என்றார் மனைவியிடம்.

அக்கா என்னைப் பார்த்தார். "இன்னும் ரெண்டு தட்டுத் தட்டுனா நின்னுருமா தம்பி?"

அளவுக்கு மேல் தட்டியதால்தான் தகடு நீண்டு தளர்ந்துவிட்டது. இனித் தட்டத் தட்ட இன்னும் தளரும், நிற்காது.

"நின்னுரும்க்கா" என்று கம்பியை எடுத்தேன். இருளப்பன் பெருவிரலை எடுக்கவில்லை.