பூச்சி தொடாத தோட்டம்

கோடை முடிகிற நாளின் மாலை வெயிலில் அக்காவின் தோட்டம் தளதளவென்று நிற்கிறது. மகளோடு பார்க்க வந்த தங்கைக்கு இரண்டு கண் போதவில்லை. கொத்துக்கொத்தாய்த் தக்காளி, வேலியை மூடிய பாகற்கொடி, ஆளுயரச் சூரியகாந்தி. ஓர் இலையில்கூட ஓட்டை இல்லை. மெல்ல மெல்லத்தான் அந்த அமைதி அவளுக்கு உறைக்கிறது. இத்தனை பூவிலும் ஒரு தேனீ இல்லை, மரத்தில் ஒரு குருவிச் சத்தம் இல்லை. "எப்படிக்கா இப்படி?" என்கிறாள். "புது மருந்துடி. வாரம் ரெண்டு தடவை அடிக்கிறேன், ஒரு பூச்சி கிட்ட வராது" என்று பெருமையாகச் சொல்லும் அக்காவின் கையில் டீ டம்ளர் கிடுகிடுவென்று ஆடித் தளும்புகிறது. "பத்து நாளா கை இப்படித்தான். வயசாகுதில்ல?" அக்காவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. தங்கை வாயைத் திறப்பதற்குள், கொடிகளுக்குப் பின்னாலிருந்து அவளுடைய மகள் கூவுகிறாள்: "அம்மா, தக்காளி செம இனிப்பு! இது அஞ்சாவது!"